பேண்ட் ரெடி, பாட்டும் ரெடி... மேடை எங்கே? சென்னையில் முதல் ஷோ பிடிக்க ஒரு கைடு!

நாலு பேர் சேர்ந்தாச்சு. பேண்டுக்குப் பேர் வெச்சு, அதுக்குச் சண்டை போட்டு, பேரை மாத்தி, அதுவும் முடிஞ்சது. சொந்தமா ஆறு பாட்டு கையில் இருக்கு. ஜாம் ரூமுக்கு மணிக்கு இவ்வளவுன்னு வாடகை கட்டி ரிகர்சலும் பார்த்தாச்சு. இப்போ சென்னையில் இருக்கும் அத்தனை கஃபே, பார்களோட இன்ஸ்டா பக்கங்களுக்கும் ஒரே மெசேஜை காப்பி பேஸ்ட் பண்ணி அனுப்பிட்டு, 'சீன்' விழுந்துச்சா இல்லையான்னு பார்த்துட்டு இருக்கீங்க. பதில் வரலை.

பாட்டு பிடிக்காததால்தான் பதில் வரலைன்னு நினைச்சு நொந்துபோக வேண்டாம். பெரும்பாலும் அந்தப் பாட்டை அங்கே யாரும் கேட்டிருக்கவே மாட்டாங்க.

மெசேஜைத் திறக்கும் மேனேஜரோட நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்க. 50 பேர் உட்காரும் இடம். அன்னிக்குக் கல்லாவில் என்ன சேர்ந்ததுன்னு ராத்திரி ஓனர் கேட்பார். முன்பின் தெரியாத ஒரு பேண்டை மேடை ஏத்தும்போது அவர் மனசுல ஓடும் கேள்விகள் இவை: இவங்களுக்காக எத்தனை பேர் வருவாங்க? தினமும் வர்ற கஸ்டமர் சத்தம் தாங்காம எழுந்து போயிடுவாரா? பக்கத்து அபார்ட்மென்ட்ல இருந்து போலீஸுக்கு போன் போகுமா? உங்க பாட்டு நல்லா இருக்காங்கிற கேள்வி இதுக்கெல்லாம் பின்னாடிதான் வரும். கேட்க வருத்தமாத்தான் இருக்கும். ஆனா, இது புரிஞ்சிட்டா வேலை சுலபம். அவருக்கு இருக்கும் பயத்தைக் குறைக்கிற பேண்டுக்குத்தான் தேதி கிடைக்கும்.

சென்னை ஏன் பெங்களூரு மாதிரி இல்லை?

'பெங்களூருல எல்லாம் தெருவுக்குத் தெரு பப், வாரா வாரம் லைவ் மியூசிக்'னு பெருமூச்சு விடாத சென்னை பேண்ட் கிடையாது. இதுக்கு ரசனையைக் குறை சொல்றதுல அர்த்தமில்லை. லைசென்ஸ்தான் முக்கியக் காரணம். தமிழ்நாட்டில் டாஸ்மாக்கையும் அதை ஒட்டிய பார்களையும் விட்டுட்டா, மது பரிமாறும் இடங்கள் பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டல்களும் கிளப்களும்தான். அதனால தனியா ஒரு சின்ன மியூசிக் பப் முளைக்கிறதே இங்கே கஷ்டம். ஹோட்டல் பார்ல வாசிக்கணும்னா, வார்த்தைக்கு வார்த்தை 'மேனேஜ்மென்ட்ல கேட்கணும்'னு சொல்லும் ஒரு பெரிய நிர்வாகத்தைத் தாண்டணும். மது அருந்தும் வயசு இங்கே 21. பேண்ட்ல யாராவது காலேஜ் செகண்ட் இயர்ல இருந்தா, வாசிக்க உள்ளே விடுவாங்களான்னு முதல் போன்லயே கேட்டுடுங்க. ஷோ அன்னிக்கு வாசல்ல நின்னு தெரிஞ்சுக்க வேண்டாம்.

இதனால சென்னையில் மேடைகள் சிதறிக் கிடக்கு. கஃபே ஒரு பக்கம், கலாசார மையம் ஒரு பக்கம், காலேஜ் இன்னொரு பக்கம். ஒவ்வொரு இடத்திலும் முடிவு எடுக்கும் ஆள் வேற, அவர் எதிர்பார்ப்பதும் வேற.

கஃபேயில் பெரும்பாலும் ஓனரே முடிவு பண்ணுவார். அவருக்கு வேண்டியது, கூட்டம் இல்லாத செவ்வாய், புதன்ல நாலு டேபிள் நிறையணும். பேசிட்டு இருக்கிறவங்களுக்குத் தலைவலி வரக் கூடாது. ஹோட்டல் பார்ல உணவு, பானப் பிரிவு மேனேஜர்தான் ஆள். 45 நிமிஷ செட் ரெண்டு, மூணு வாசிக்க முடியுமான்னு பார்ப்பார். நுங்கம்பாக்கத்தில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ், மாக்ஸ்முல்லர் பவன்னு நாம சொல்ற கதே இன்ஸ்டிட்யூட் போன்ற இடங்களில் கலாசார நிகழ்ச்சிகளுக்குன்னே ஆள் இருப்பாங்க. அவங்களுக்குக் கல்லாக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. நிகழ்ச்சிக்கு ஒரு காரணம், ஒரு கரு இருக்கணும். பல மாசம் முன்னாடியே கேட்கணும். பெசன்ட் நகரில் நடனக் கலைஞர் சந்திரலேகா உருவாக்கிய 'ஸ்பேசஸ்' மாதிரி இடங்களில் வர்றவங்க பாட்டைக் கேட்கவே வர்றாங்க. ஆறு சொந்தப் பாட்டு மட்டும் வெச்சிருக்கும் பேண்டுக்கு, பிரியாணி வாசத்துக்கு நடுவுல வாசிக்கிறதைவிட இப்படி ஒரு இடம் நூறு மடங்கு மேல்.

இந்த வரிசையில் 'சோஃபார் சவுண்ட்ஸ்' ஒரு தனி ரகம். 2009-ல் லண்டனில் ஆரம்பிச்சது, சென்னை உட்பட உலகத்தின் பல ஊர்களில் நடந்திருக்கு. யாரோ ஒருத்தர் வீடு, ஆபீஸ், மொட்டை மாடின்னு ஏதோ ஒரு இடம். எங்கேன்னு ஷோவுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் சொல்வாங்க. ஒரு ராத்திரிக்கு வழக்கமா மூணு பேர், ஆளுக்கு நாலஞ்சு பாட்டு. வந்தவங்க தரையில் உட்கார்ந்து, பேசாம கேட்பாங்க. கலைஞர்கள் அவங்க தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பணம் பெருசா இருக்காது. ஆனா, அங்கே எடுக்கும் வீடியோ அடுத்த பத்து மெசேஜுக்கு உதவும்.

அந்த ஒன்றரை நிமிஷ வீடியோ

புது பேண்ட்கள் காசைக் கொட்டும் இடம் பெரும்பாலும் தப்பான இடம். ஸ்டூடியோவில் ஒரு பாட்டை மெருகேத்தி, டிரோன் ஷாட் வெச்சு மியூசிக் வீடியோ எடுப்பாங்க. புக் பண்றவருக்கு அதனால எந்தப் பயனும் இல்லை. ஸ்டூடியோவில் யார் வேணும்னாலும் சுருதி சேர்ந்து பாடலாம், மென்பொருள் சேர்த்துவிடும். நேர்ல நீங்க எப்படி இருப்பீங்கன்னுதான் அவருக்குத் தெரியணும்.

அதனால ஜாம் ரூம்லயே, ஒரே டேக்ல, வெட்டாம ஒட்டாம ஒரு பாட்டை எடுங்க. போனைப் படுக்கவெச்சு ஸ்டாண்டில் மாட்டுங்க. போன் மைக்ல டிரம்ஸ் மட்டும்தான் கேட்கும்; ஜாம் ரூம் மிக்ஸர்ல இருந்து ஆடியோவைத் தனியா ரெக்கார்டு பண்ணி, வீடியோவோட சேர்த்துக்கோங்க. ஸ்லோ மோஷன் லோகோவெல்லாம் வேண்டாம். முதல் பத்து விநாடிக்குள்ள குரல் வந்துடணும். கோரஸோட சேர்த்து ஒன்றரை நிமிஷம் போதும். முழுப் பாட்டு யூடியூப்ல இருக்கட்டும், பிடிச்சவங்க தேடிப் போய்க் கேட்பாங்க.

ஸ்பாட்டிஃபைல பாட்டு இருக்கணுமா? இருந்தா நல்லது. இல்லைன்னு உங்களை யாரும் கஃபேயில் இருந்து துரத்த மாட்டாங்க. ஃபாலோயர் எண்ணிக்கைக்கும் இதே கதைதான். உலகம் முழுக்க இருக்கும் பத்தாயிரம் ஃபாலோயரைவிட, அடையாறில் இருந்து வண்டி எடுத்துட்டு வரக்கூடிய முப்பது பேர்தான் மேனேஜருக்கு முக்கியம்.

மெசேஜ் இப்படி இருக்கட்டும்

முதல்ல அந்த இடத்துக்கு ஒரு சாயங்காலம் நேர்ல போங்க. காபி குடிங்க. அங்கே வாசிக்கும் பேண்டை முழுசா கேளுங்க. மேடை எவ்வளவு பெருசு, ஸ்பீக்கர் யாரோடது, ஜனம் எப்போ எழுந்து போகுது, யார் வந்து 'சத்தத்தைக் குறை'ன்னு சைகை காட்டுறார்னு கவனிங்க. சைகை காட்டுறவர்தான் உங்க ஆள். வாசிச்ச பேண்ட்கிட்டயும் பேசிடுங்க. காசு ஒழுங்கா வருதா, சவுண்டு ஆள் எப்படின்னு எந்த வெப்சைட்டும் சொல்லாததை அவங்க ரெண்டே நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

அப்புறம் மெசேஜ். வெள்ளி, சனி சாயங்காலம் அனுப்பாதீங்க. அவர் கிச்சனுக்கும் பில்லிங்குக்கும் நடுவுல ஓடிட்டு இருப்பார். வாரத்தின் நடுவுல, மதியக் கூட்டம் முடிஞ்சு மூணு, நாலு மணிக்கு அனுப்புங்க. உதாரணத்துக்கு இப்படி:

"வணக்கம். நாங்க வேளச்சேரியைச் சேர்ந்த நாலு பேர், தமிழில் சொந்தமாப் பாட்டு எழுதி வாசிக்கிறோம். போன புதன்கிழமை உங்க இடத்துல நடந்த அக்கூஸ்டிக் நைட்டுக்கு வந்திருந்தோம். அடுத்த மாசம் ஏதாவது ஒரு செவ்வாய் அல்லது புதன் 40 நிமிஷம் வாசிக்க விரும்புறோம். டிரம் கிட் கிடையாது, கஹோன்தான். உங்ககிட்ட இருக்கும் ரெண்டு ஸ்பீக்கரே போதும். எங்க பக்கம் 25 பேராவது வருவாங்க. ஒன்றரை நிமிஷ லைவ் வீடியோ லிங்க் கீழே இருக்கு. யார்கிட்ட பேசணும்னு சொன்னா, நேர்ல வந்து பார்க்கிறோம்."

இதுல 'இசைதான் எங்கள் மூச்சு' கிடையாது. மேனேஜரோட மூணு கேள்விக்கும் பதில் இருக்கு. ஒரு வாரம் பதில் இல்லைன்னா, இன்னொரு தடவை நினைவுபடுத்துங்க. அதுக்கும் பதில் இல்லைன்னா ரெண்டு மாசம் விட்டுடுங்க. 25 பேர்னு சொன்னா 25 பேர் வரணும். நூறு பேர்னு அளந்துவிட்டு, மேடைக்கு முன்னாடி உங்க அம்மா, ரெண்டு கஸின், டிரம்மரோட காதலின்னு நாலே பேர் இருந்தா, அந்தக் கதவு அப்புறம் திறக்காது.

சொந்தப் பாட்டா, கவரா?

பேண்ட்களுக்குள்ள கைகலப்பு வரைக்கும் போற சப்ஜெக்ட் இது. கணக்கைப் பார்ப்போம். உங்ககிட்ட ஆறு சொந்தப் பாட்டு. பேச்சையும் சேர்த்து அரை மணி நேரம். ஹோட்டல் பார் கேட்பது ரெண்டு மணி நேரத்துக்கும் மேல. மீதி நேரத்துக்கு என்ன பண்ணுவீங்க? கவர்தான். ஆறு மாசம் வாரா வாரம் கவர் வாசிச்சா கை நல்லா ஓடும், காசு வரும், ஆனா ரிகர்சல் நேரம் முழுக்க அடுத்த வாரத்துக்கான ஹிட் பாட்டு எதுன்னு தேடுறதிலேயே போயிடும். ஆறு பாட்டு ஏழாவதா ஆகாது. நல்லா வாசிக்கிற பேண்ட்கள் பல இந்தச் சுழல்லதான் காணாமப் போகுது.

கவர் வாசிக்கிறது பாவம்னு சொல்ற கோஷ்டியில் எனக்கு உடன்பாடில்லை. வாடகை கட்டணுமே! கல்யாண ரிசப்ஷன்ல மெல்லிசை வாசிச்சு, அந்தக் காசுல சொந்தப் பாட்டை ரெக்கார்டு பண்றவங்க இந்த ஊர்ல நிறைய. ஆனா, ரெண்டையும் ஒரே பேர்ல பண்ண வேண்டாம்ங்கிறது என் அபிப்பிராயம். கல்யாணத்துக்கு ஒரு பேர், சொந்தப் பாட்டுக்கு ஒரு பேர். ஒரே பேர்னா, சொந்தப் பாட்டு ஷோவுக்கு வர்றவர் நடுவுல சீட்டு எழுதி ஹிட் பாட்டு கேட்பார்.

கஃபே செட்டுக்கு நடுவழி ஒண்ணு உண்டு. எட்டுப் பாட்டு வாசிச்சா, அதுல ரெண்டு எல்லோருக்கும் தெரிஞ்ச பாட்டா, ஆனா உங்க வாத்தியத்துல, உங்க தாளத்துல இருக்கட்டும். முதல் பாட்டு சொந்தப் பாட்டு, ரெண்டாவது கவர், மூணாவது, நாலாவது மறுபடி உங்க பாட்டு. தெரிஞ்ச பாட்டுக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தவர், அடுத்த ரெண்டு பாட்டுக்குத் தலையைக் குனிய மாட்டார். அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம்.

அரை மணி நேரச் சரக்கு மட்டும் இருந்தா வேற வழியும் இருக்கு. உங்களை மாதிரியே இருக்கும் இன்னும் ரெண்டு பேண்டைச் சேர்த்து, 'மூணு பேண்ட், ஆளுக்கு அரை மணி, முழுக்கச் சொந்தப் பாட்டு'ன்னு ஒரு ராத்திரியாவே கேளுங்க. ஒரு பேண்ட் 25 பேரைக் கூட்டிட்டு வந்தா, மொத்தம் 75. மேனேஜருக்கு ஒரே போன் கால், நிறைஞ்ச ஹால். மூணு தனி மெசேஜைவிட இதுக்குச் சீக்கிரம் 'சரி' வரும்.

கவர்னு சொன்னதும் இன்னொண்ணு. மேடையில் அடுத்தவங்க பாட்டை வாசிக்கிறதுக்கு உரிமம் தேவை. பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் அதைக் கொடுப்பது 1969-ல் தொடங்கிய ஐபிஆர்எஸ் அமைப்பு. 2017-ல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி-க்கே வக்கீல் நோட்டீஸ் போன செய்தியைக் கேள்விப்பட்டிருப்பீங்க. பொதுவா இந்த உரிமத்தை வாங்குறது நிகழ்ச்சி நடத்துறவங்க வேலை. 'நீங்க வாங்கிட்டீங்களா'ன்னு மெயில்ல ஒரு வரி கேட்டு வெச்சுக்கோங்க. இதுக்கு மறுபக்கமும் இருக்கு. உங்க சொந்தப் பாட்டை எழுதி, மெட்டுப் போட்டது நீங்கன்னா, நீங்களும் ஐபிஆர்எஸ்-ல உறுப்பினர் ஆகலாம். உங்க பாட்டுக்கு வர வேண்டிய ராயல்டி உங்களுக்கு வர அதுதான் வழி.

சத்தம்தான் சண்டை

ஒலிமாசு விதிகள் 2000-ம் வருஷத்தில் வந்தவை. இரவு 10 மணியில இருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்கங்களுக்கு விலக்கு உண்டு. அதனால ரூஃப்டாப், தோட்டத்துக் கஃபேன்னா ஒன்பதே முக்காலுக்குக் கடைசிப் பாட்டு முடியணும். 'ஒன் மோர்' கேட்டாலும் மேனேஜர் முகத்தைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

சின்ன ரூம்ல முழு டிரம் கிட் வெச்சா என்ன ஆகும்? டிரம்ஸ் சத்தத்தை எந்தக் குமிழைத் திருப்பியும் குறைக்க முடியாது. அதுக்கு ஈடா கிட்டாரிஸ்ட் ஆம்ப்ளிஃபையரை ஏத்துவார். குரல் கேட்கலைன்னு பாடகர் மைக்கை ஏத்தச் சொல்வார். மைக் ஸ்பீக்கர் சத்தத்தையே திரும்ப வாங்கி 'ஊய்ங்'னு கத்தும். மூணாவது பாட்டுல ரெண்டு டேபிள் காலி. இதுக்குத்தான் ஒவ்வொரு பேண்டும் ரெண்டு வடிவத்துல தயாரா இருக்கணும்: காலேஜ் மேடைக்கு முழு செட், கஃபேக்குக் கஹோன், அக்கூஸ்டிக் கிட்டார். ஒரே பாட்டுதான், ஆனா ரெண்டு விதமா ரிகர்சல் பார்க்கணும். கிட் இல்லாம வராது உங்க பாட்டுன்னா, கட்டைக் குச்சிக்குப் பதிலா பிரஷ் வெச்சு வாசிக்க டிரம்மர் பழகிக்கட்டும்.

ஒரு பக்கத்துல மேடைப் படம் வரைஞ்சு அனுப்புங்க. யார் எங்கே நிப்பாங்க, யாருக்கு எத்தனை பிளக் பாயின்ட், மைக் எத்தனை. கூடவே சேனல் வரிசை: ஒண்ணாவது மெயின் குரல், ரெண்டாவது பின்குரல், மூணாவது கிட்டார், நாலாவது பேஸ், அஞ்சாவது கஹோன் மைக். அழகான டிசைன் வேண்டாம், பேனாவால் வரைஞ்சு போட்டோ எடுத்தாலும் போதும். இதை அனுப்பும் புது பேண்டைப் பார்த்தா சவுண்டு இன்ஜினியருக்கு மரியாதை வரும். மேனேஜர் 'இவங்க எப்படி?'ன்னு கேட்கும் முதல் ஆள் அவர்தான், மறந்துடாதீங்க.

பல பேண்ட் வாசிக்கும் ஷோவுல சவுண்ட் செக் தலைகீழா நடக்கும். கடைசியா வாசிக்கிற பெரிய பேண்ட் முதல்ல பார்க்கும். முதல்ல வாசிக்கிற உங்களுக்குக் கடைசி. அவங்க இழுத்தா, உங்களுக்குப் பத்தே நிமிஷம். இதுல கோபப்பட ஒண்ணுமில்லை. உங்க செட்டிங் அப்படியே மேடையில் இருக்கணும்ங்கிறதுக்குத்தான் இந்த முறை. சொன்ன நேரத்துக்கு முன்னாடி போய், கிட்டாருக்குச் சுருதி சேர்த்து, ஓரமா ரெடியா நில்லுங்க. எக்ஸ்டன்ஷன் பாக்ஸ், பேட்டரி, ஒரு செட் ஸ்டிரிங் எப்பவும் பையில இருக்கட்டும்.

காசு விஷயம்

'எக்ஸ்போஷர் கிடைக்கும் ப்ரோ'ங்கிற வசனத்தை நீங்க கேட்காம இருக்கப் போறதில்லை. எல்லா இலவச ஷோவும் ஏமாத்து வேலை இல்லை. மார்கழி சீஸன்லயே புதுசா வர்றவங்களுக்கு மதிய நேரம்தான், டிக்கெட்டும் கிடையாது; அங்கே பேர் வாங்கித்தான் சாயங்காலக் கச்சேரிக்கு ஏறி வர்றாங்க. ஆனா, நீங்க இலவசமா வாசிக்கும்போது டேபிளெல்லாம் நிறைஞ்சு பில் ஓடிட்டு இருந்தா, அது எக்ஸ்போஷர் இல்லை. எல்லோருமே இலவசமா வர்ற நிகழ்ச்சின்னா யோசிக்கலாம். அதிலும் சாப்பாடு, வண்டிக் காசு, நல்ல வீடியோ இந்த மூணையாவது கேட்டு வாங்குங்க. ஒரே இடத்துல ரெண்டாவது தடவையும் இலவசம்னா, வேண்டாம்னு சொல்லிடுங்க. நீங்களே இத்தனை டிக்கெட் வித்துத் தரணும், விக்கலைன்னா காசு கட்டணும்னு சொல்றவங்க பக்கமே போகாதீங்க.

காசு தர்ற ஷோவுல ரெண்டு முறை அதிகம். ஒண்ணு, பேசின தொகை. இன்னொண்ணு, டிக்கெட் வசூல்ல பங்கு. பங்குன்னா ஒரு கேள்வி கட்டாயம் கேட்கணும்: செலவு போகவா, போகாமலா? கணக்குக்காகச் சொல்றேன், டிக்கெட் 300 ரூபாய், 60 பேர் வந்தா வசூல் 18,000. உங்க பங்கு 70 சதவிகிதம்னா 12,600. ஆனா, சவுண்டு வாடகை 5,000-ஐக் கழிச்சுட்டுத்தான் பங்குன்னா, 13,000-ல் 70 சதவிகிதம், 9,100. நாலு பேர் பிரிச்சா ஆளுக்கு 3,150-க்குப் பதிலா 2,275. டிக்கெட்டை புக் மை ஷோ, டிஸ்ட்ரிக்ட் போன்ற ஆப்ல வித்தா அவங்க கமிஷனும் இருக்கு. அதை யார் தலையில் கட்டுறாங்கன்னும் கேளுங்க.

எதையும் வாய் வார்த்தையில் விடாதீங்க. வக்கீல் வெச்சு அக்ரிமென்ட் போடணும்னு அர்த்தமில்லை. தேதி, நேரம், தொகை, அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எப்போ, ஷோ கேன்சல் ஆனா என்ன, சவுண்டு யார் பொறுப்புங்கிறதை நீங்களே மெயில்ல எழுதி, 'இதுதானே நாம பேசினது?'ன்னு அனுப்புங்க. 'யெஸ்'னு ஒரு வார்த்தை வந்தா போதும். பாதித் தொகை அட்வான்ஸா கேட்கிறதுல கூச்சம் வேண்டாம். நம்ம ஊர்ல மேளக்காரருக்கே அட்வான்ஸ் கொடுத்துத்தானே தேதி வாங்குறோம்!

நிறுவனங்கள் பணம் தரும்போது, வருஷத்துக்கான வரம்பைத் தாண்டினா 10 சதவிகிதம் டிடிஎஸ் பிடிப்பாங்க. பான் கார்டு கொடுக்கலைன்னா அது 20 சதவிகிதம். உங்க மொத்த வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லைன்னா, ரிட்டர்ன் தாக்கல் பண்ணித் திரும்ப வாங்கலாம். ஒருத்தர் அக்கவுன்ட்ல எல்லாப் பணமும் விழுந்தா, வரிக் கணக்கும் அவர் தலையில்தான். அதைப் பேண்டுக்குள்ள முதல்லயே பேசிடுங்க. நிறைய பேண்ட் உடையுறது இசையால இல்லை, ஜி-பே ஹிஸ்டரியால!

பேண்ட்ல பெண்கள் இருந்தா, உடை மாத்த ஒரு ரூம், பூட்டுப் போடுற கழிவறை, ராத்திரி வீடு திரும்ப வண்டி, இது மூணையும் பேரம் பேசும்போதே சேர்த்துக்கோங்க. இதுக்கு முகம் சுளிக்கிற இடம் எப்படிப்பட்டதுன்னு அப்பவே தெரிஞ்சுடும்.

மேடை கிடைக்கலைன்னா?

தமிழ்நாட்டில் இசைக்குழுக்கள் 'வென்யூ'வை நம்பி வளர்ந்தவை இல்லை. சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனோட சேர்ந்து கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராக வாசிச்சவர். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தினது எந்த பப்பிலும் இல்லை, கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில். கானா, ராக், ராப்னு 19 பேர் ஏறின மேடை அது. சரிதான், அவங்களுக்குப் பின்னாடி இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் இருந்தாங்க, உங்களுக்கு அப்படி யாரும் இல்லை. ஆனா, கேட்க ஆள் இருக்கும் இடத்துக்கு மேடையைக் கொண்டுபோற யோசனைக்குக் காசு இல்லை. 2015-ல் டி.எம்.கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் போன்றவங்களும் ஊர் மக்களும் சேர்ந்து தொடங்கின ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவும் இதைத்தான் செஞ்சது. சபாவுக்குள்ள கேட்ட இசை, மீனவர் குப்பத்துக்கு வந்தது. பறையாட்டமும் அதே மேடையில் ஏறுச்சு.

உங்க அளவுக்கு யோசிங்க. நண்பன் வீட்டு மொட்டை மாடி, 30 பாய், ரெண்டு ஸ்பீக்கர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. கீழ் வீட்டு அங்கிளுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நேர்ல போய்ச் சொல்லி, அவரையும் கூப்பிடுங்க. வந்தவங்களோட நம்பரை வாங்கி வாட்ஸ்அப்ல ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்க. மூணு தடவை இப்படி நடத்தினா, '25 பேர் வருவாங்க'ன்னு மேனேஜர்கிட்ட சொல்ல உங்ககிட்ட ஆதாரம் இருக்கும். பீச், பார்க்னு பொது இடத்துல ஸ்பீக்கர் வெச்சு வாசிக்கணும்னா போலீஸ் அனுமதி வேணும். மாநகராட்சி இடம்னா அவங்க அனுமதியும் வேணும். 'சும்மா ரெண்டு பாட்டுதானே'ன்னு போய் நின்னா, மிக்ஸர் ஸ்டேஷன்ல இருக்கும்.

கூட்டம் சேர ஆரம்பிச்சதும் மாசத்துக்கு நாலு ஷோ ஒத்துக்காதீங்க. அதே 25 பேர் எத்தனை தடவைதான் வருவாங்க? ஒரே ஊர்ல ரெண்டு ஷோவுக்கு நடுவுல நாலு வாரமாவது இடைவெளி விடுங்க. அந்த இடைவெளியில கோயம்புத்தூர், புதுச்சேரின்னு பக்கத்து ஊர் பேண்டோட பண்டமாற்று பண்ணலாம். அவங்க இங்கே வந்தா உங்க ஷோவுல முதல் அரை மணி அவங்களுக்கு. நீங்க அங்கே போனா அவங்க மேடை உங்களுக்கு. தங்குறதுக்கு அவங்க வீட்டுத் தரை.

எப்போ கேட்கணும்?

கடைசியா, தேதி. உலக இசை நாள் ஜூன் 21. 1982-ல் பிரான்ஸ்ல ஆரம்பிச்ச இந்த நாளை அலியான்ஸ் பிரான்சேஸ் இங்கேயும் கொண்டாடும்; ஜூன்ல கேட்டா எல்லா இடமும் போயிருக்கும், மார்ச், ஏப்ரல்லயே எழுதுங்க. திருச்சி என்.ஐ.டி-யோட ஃபெஸ்டம்பர் செப்டம்பரை ஒட்டி வரும், ஐ.ஐ.டி மெட்ராஸோட சாரங் ஜனவரியில். மெயின் ராத்திரி பெரிய பேருக்குத்தான். உங்களுக்கு பேண்ட் போட்டிகள் இருக்கு. நல்ல மேடை, நல்ல சவுண்டு, உங்க வயசுக் கூட்டம், ஜெயிச்சா பரிசுப் பணம். அறிவிப்பு சில மாசம் முன்னாடியே வந்துடும், அவங்க இன்ஸ்டா பக்கங்களை இப்பவே ஃபாலோ பண்ணி வைங்க. கஃபேக்களுக்கு, டிசம்பர் கடைசி வாரம் கையில் அள்ளவே முடியாத கூட்டம். அப்போ புதுசா யாரையும் சோதிச்சுப் பார்க்க மாட்டாங்க. நியூ இயர் முடிஞ்சு ஜனவரி நடுவுல டேபிள் காத்து வாங்கும். பொங்கல் லீவு முடிஞ்ச அடுத்த செவ்வாய்க்கிழமை, மதியம் மூணரை மணிக்கு, அந்த மெசேஜை அனுப்புங்க.